வாய் மூடாத கத்திரி

சங்கரன்கோவிலில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே ஒரு வார்த்தை பேசாமல் குடும்பம் நடத்திய மனுஷர் ஒருவர் உண்டென்றால் அது சங்கரசுப்பு ஆசாரிதான். நான் எது சொன்னாலும் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பது ஊர் வழக்கம். இதில் எந்தப் பாதியையும் தள்ள வேண்டியதில்லை. அவருடைய பட்டறைக்கு நேர் எதிரே எனக்கு வாடகை சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்ட ஆள் வராத நேரமெல்லாம் அங்கேதான் கிடந்தேன். ஆள் வந்த நேரத்திலும் பெரும்பாலும் அங்கேதான்.

வளையலும் சங்கிலியும் எல்லா ஆசாரியும் செய்வார்கள். தகட்டிலிருந்து வட்டம் வெட்ட அவரை விட்டால் ஆள் கிடையாது. காசுமாலையில் தொங்குகிற காசு, தாலியில் கோக்கிற பொட்டு, காதுக் கம்மலின் அடித்தகடு எல்லாமே முதலில் வெறும் வட்டம்தானே. மதுரைப் பக்கம் அப்போதே அச்சுக் கட்டை வந்துவிட்டது. தகட்டை உள்ளே கொடுத்து மேலே ஒரு போடு போட்டால் வட்டம் கீழே விழும். ஆசாரி அதைத் தொடமாட்டார். "அடிச்சா விழுதது வட்டமா வே? அது பயந்து விழுதது" என்பார்.

கவராயத்தால் தகட்டில் வட்டமாக ஒரு கீறல் போட்டுக்கொள்வார். பிறகு கத்திரி. வெட்டும்போது கத்திரி திரும்பக் கூடாது. தகடுதான் திரும்ப வேண்டும். இடது கை தகட்டை அப்பளம் மாதிரி ஏந்தி மெல்லச் சுற்றிக் கொடுக்கும். வலது கைக் கத்திரி இருந்த இடத்தில் இருந்தபடியே மென்றுகொண்டிருக்கும். இன்னொன்று, கத்திரியின் வாய் முழுசாக மூடக் கூடாது. மூடினால் நுனி பட்ட இடத்தில் ஒரு பல் விழுந்துவிடும். பாதி மூடித் திறந்து, பாதி மூடித் திறந்து, ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர வேண்டும். தாலிப் பொட்டுக்கு இது சாஸ்திரமும்கூட. பொட்டு வெட்டும்போது கத்திரி வாய் மூடினால் அந்தக் கல்யாணம் விளங்காது என்று அவர்கள் ஆட்களுக்குள் ஒரு நம்பிக்கை. வெட்டின பொட்டைத் திருப்பி உருக்கி வெட்டுவதும் கிடையாது.

கத்திரி வாய் மூடாமல் இருக்க ஆசாரி கண்டுபிடித்த வழி, தன் வாயையும் மூடாமல் இருப்பது. கத்திரியை எடுத்தாரென்றால் கீழ்த்தாடை தானாக இறங்கும். வட்டம் முடிகிறவரை அப்படியே நிற்கும். ஈ போகும், வரும். ஒரு ஆடிக் காற்றில் கருவண்டு ஒன்று உள்ளே போய்விட்டது. வட்டமோ பாதியில் நிற்கிறது. அவர் என்ன செய்வார்? வெட்டி முடித்த பிறகுதான் வாயை மூடினார். அன்று பொழுது சாய்கிறவரை அவர் பேசினால் பின்னாலேயே ஒரு ரீங்காரம் கேட்டது. எங்கள் தெருவில் யாராவது கொட்டாவி விட்டால், "என்னவே, வட்டம் வெட்டுதீரா?" என்று கேட்கிற பழக்கம் இப்படி வந்ததுதான்.

வட்டம் எப்படி இருக்குமென்று கேட்பீர்கள். ஒரு தடவை கை தவறிக் காசு வட்டம் ஒன்று விழுந்து வாசல் தாண்டி உருண்டது. தெற்கு ரத வீதியில் இறங்கி, மேல ரத வீதி, வடக்கு ரத வீதி, கீழ ரத வீதி என்று சாமியையும் அம்மனையும் வலம் வந்து, திரும்பப் பட்டறைக்கே வந்து, படியேறத் தெரியாமல் நின்றது. நான் பார்க்கவில்லை. என் கடையில் சைக்கிள் எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போன ஆள் சொன்னது. அதற்கு வாடகைகூட வாங்கினேன். பொய்யாக இருந்தால் வாங்குவேனா?

ஆசாரியின் சம்சாரம் ஆவுடையம்மாள். கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவளுக்குப் பேச வேண்டும். புருஷனோடு எப்போது பேசுவது? காலையில் உமியோட்டுத் தீயை ஊதுகுழல் வைத்து ஊதிக்கொண்டிருப்பார். அரம் போடும்போது தங்கத்தூள் பறந்துவிடுமென்று மூச்சைக்கூடச் சிக்கனமாகத்தான் விடுவார். சாயங்காலம் கோமதி அம்மன் சந்நிதிக்குப் போனால் நடை சாத்துகிற நேரத்துக்குத்தான் வருவார். மனுஷர் ஓடாமல், தப்பிக்காமல், முகம் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருப்பது வட்டம் வெட்டும்போது மட்டும்தான். ஆகவே ஆவுடையம்மாள் கத்திரி சத்தம் கேட்டால் முறத்தைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்துவிடுவாள்.

"நாஞ் சொல்லுதேன், கேக்குதியளா? கிணத்தடிச் செவுரப் பூசிரலாம்."

"ஆ."

"கொத்தனாருக்குச் சொல்லிவிட்டுட்டேன்."

"ஆ."

அந்த "ஆ" சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. திறந்த வாயிலிருந்து காற்று வருகிற சத்தம். ஆவுடையம்மாள் அதைச் சம்மதமென்று எடுத்துக்கொள்வாள். அந்த வீட்டில் செவுரு பூசினது, எருமையை விற்றது, விற்ற எருமையையே திரும்ப வாங்கினது, மகள் கோமதித்தாயைப் பத்தாவதோடு நிறுத்தினது எல்லாம் ஒவ்வொரு வட்டத்துக்குள் முடிந்த காரியங்கள்.

அவளுக்கு இன்னொரு குறையும் உண்டு. கைக்கு உப்பு எட்டாது. கானப்பயறுத் துவையல் அரைத்தாலும் சரி, புளிக்குழம்பு வைத்தாலும் சரி, உப்பு ஒரு படி கீழேதான் நிற்கும். எனக்கும் ஒரு கும்பா சோறு வைத்துத் தருவாள். சாப்பிட்டுவிட்டு என் கடைக்குப் போய் ஒரு கல் உப்பை வாயில் போட்டுக்கொள்வேன். ஆசாரி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுக் கையைக் கழுவுவார்.

கடையநல்லூர் வீடுகளில் டேப் ரிக்கார்டர் பாடத் தொடங்கியிருந்த வருஷம் அது. ஆனி மாசம் அங்கேயிருந்து சுபைதா பேகம் வந்தார். புருஷன் சவூதியில். மகள் ரசீதாவுக்கு நிக்காஹ் வருகிறது, காசுமாலை செய்ய வேண்டும், காசெல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும், அச்சில் அடித்தது ஆகாது.

காசுமாலையென்றால் வட்டம் வட்டம் வட்டம்தான். குற்றாலத்தில் சாரல் பெய்தால் எங்களுக்கு வருவது வெறும் காற்று. புழுதியும் பருத்திப் பிசிறும் வாரிக்கொண்டு வந்து வீசும். தூள் பறந்துவிடுமென்று கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே உமித்தீயின் வெக்கையில், ஆசாரி நாள் முழுக்க வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் தறிச்சத்தம். தெருவுக்கு நாலு வீட்டில் விசைத்தறி. தடக்குத் தடக்கென்று அது ஓடினால் பக்கத்தில் இருக்கிறவன் இருமுவதுகூடக் கேட்காது.

ஆவுடையம்மாளுக்கு அவள் ஆயுசில் இவ்வளவு பேச்சு நேரம் கிடைத்ததே இல்லை. கிடைத்த நேரத்தில் மகள் கல்யாணத்தையே பேசி முடித்துவிட்டாள்.

மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த தம்பி உச்சிமாகாளி. கோவில்பட்டியில் சின்னதாக நகைக்கடை. மஞ்சக்காமாலையில் பெண்டாட்டி போய்விட்டாள், பிள்ளை இல்லை. நல்ல மனுஷர். காதோரம் நரை இறங்கியிருந்தது, அவ்வளவுதான். தாய்மாமனுக்குக் கொடுப்பது எங்கள் பக்கம் புதுசில்லை. ஆவுடையம்மாளின் அம்மை சாகும்போது, "உன் தம்பியைப் பாத்துக்கோட்டி" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாளாம். அதை அவள் மறந்த நாளில்லை.

"உச்சிக்கே குடுத்துரலாம். நம்ம பிள்ளை நம்ம கண்ணுக்குள்ளயே இருக்கும். என்ன சொல்லுதிய?"

"ஆ."

"ஆவணியில நாள் பாக்கச் சொல்லிட்டேன்."

"ஆ."

கோமதித்தாய்க்குப் பட்டறையில் தகட்டைத் துடைத்துக் கொடுக்கிற வேலை. ஒருநாள் அம்மை கோயிலுக்குப் போயிருந்தபோது அப்பா எதிரே வந்து குத்தவைத்தாள். நான் மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என்னை அந்த வீட்டில் யாரும் ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை.

"அப்பா, எனக்கு வேண்டாம்ப்பா."

கத்திரி மென்றுகொண்டிருந்தது.

"மாமா தோள்ல உக்காந்துல்லாப்பா தபசு சப்பரம் பாத்தேன். சனம் சப்பரத்து மேல எறியுத பருத்தியும் மிளகா வத்தலும் மாமா தலையில விழும். நான்தான் ஒண்ணொண்ணா எடுத்துப் போடுவேன். கண்ணுல வத்தல் விதை பட்டு அழுதேன்னு மாமா ஊதிவிட்டுச்சு. அந்தத் தோளுக்கு மாலையப் போடுன்னு அம்மை சொல்லுதா. எப்படிப்பா போட?"

"ஆ" என்றார் ஆசாரி. கண் மட்டும் மகளைப் பார்த்தது, கை தகட்டைத் திருப்பியது. வட்டம் முடிய இன்னும் ஒரு நகக்கண் தூரம்தான் இருந்தது. முடிந்து அவர் வாயை மூடவும் ஆவுடையம்மாள் குங்குமத்தோடு உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. மகள் எழுந்து போய்விட்டாள். ஆசாரி அடுத்த தகட்டை எடுத்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். சாயங்காலம் கோயிலுக்குப் புறப்பட்டவரை வழிமறித்துக் கேட்டேன். "அண்ணாச்சி, பிள்ளை சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு வே."

"அப்ப அண்ணிகிட்டச் சொல்லவேண்டியதுதானே?"

"சொல்லணும்" என்றார். கொஞ்ச தூரம் நடந்தார். "எப்படி ஆரம்பிக்கதுன்னு தெரியல வே. பழக்கமில்ல."

ஆடித் தபசு முடிந்து, தெருவில் சிதறிக் கிடந்த வத்தலை ஆடு தின்று தும்மிக்கொண்டிருந்த ஒரு நாளில் சுபைதா பேகம் மாலையைப் பார்க்க வந்தார். கூட ரசீதா. கடைசிக் காசுகளை ஆசாரி வெட்டிக்கொண்டிருந்தார். ஆவுடையம்மாள் எதிரே உட்கார்ந்து பந்திக்கு யார் சமையல் என்று பேசிக்கொண்டிருந்தாள்.

"வாங்க பேகம்மா. நம்ம வீட்டுலயும் ஆவணியில கல்யாணம். மகளையும் கூட்டிக்கிட்டு வந்துரணும்."

"அல்ஹம்துலில்லாஹ். மாப்பிள்ளை எந்த ஊரு?"

"என் தம்பிதான்."

பேகம் கதவோரம் நின்ற கோமதித்தாயைப் பார்த்தார். பெண்ணுக்கு முகம் வீங்கியிருந்தது. பார்த்தவர் பார்வையைத் திருப்பி ஆசாரியைப் பார்த்தார்.

"இவுஹ என்ன சொல்லுதாஹ?"

"அவியளா? அவியதான் மொதல்ல சரின்னு சொன்னாவ."

"எப்பச் சொன்னாஹ?"

"இந்தா, இப்பக்கூடச் சொல்லுதாவள்ளா."

"ஆ" என்றார் ஆசாரி.

பேகம் சிரித்துவிட்டார். "ஏ ஆவுடை, எங்க வீட்டுக்காரஹ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்காஹ. நான் கேசட்டுல பேசி அனுப்புவேன். ஒரு பக்கம் பூரா நாந்தான் பேசுவேன். ஏசுவேன், அழுவேன், மீன் வெலை சொல்லுவேன். கேசட்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் அவுஹ பேசி அனுப்புவாஹ. கடல் தாண்டி இருக்க மனுசனுக்கே மறுபக்கம் ஒண்ணு இருக்கு. ஒனக்கு ஒரே வீட்டுக்குள்ள இருந்தும் திருப்பிப் போடத் தெரியலயே, தாயி."

"அவியளுக்குப் பேசணும்னு தோணுனா பேசமாட்டாவளா? நான் என்ன வாயையா கட்டி வச்சிருக்கேன்?"

"கட்டி வச்சிருந்தாத்தான் அவுத்துவிட்டுரலாமே" என்றார் பேகம்.

ஆசாரியின் கத்திரி ஒரு கணம் தயங்கியதை நான் பார்த்தேன். ஆனால் மூடவில்லை.

ஆவணி வளர்பிறையில் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்குவது மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கும், ஆசாரிதான் தேடிப் போவார். இங்கே மாமனாரே ஆசாரி என்பதால், உச்சிமாகாளி பொன்னை வெற்றிலையில் வைத்து எடுத்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். நிறைநாழி நெல், குத்துவிளக்கு, தேங்காய், பழம் எல்லாம் வைத்தாயிற்று. சொந்தபந்தம் பத்துப் பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கதவைத் திறந்தே வைத்திருந்ததால் நான் வாசற்படியில்.

ஆசாரிக்கு அக்கா முறை ஆகிற பிச்சம்மாள் தாடையில் கையை வைத்துக்கொண்டாள். "ஏலே சுப்பு, பொண்ணைப் பெத்தவன் அவ தாலிக்கு அவனே பொட்டு வெட்டுவானா? எங்கன கண்ட முறை இது?"

"வேற யாருட்டக் குடுக்கச் சொல்லுதிய மதினி?" என்றாள் ஆவுடையம்மாள். "தாலியையும் அச்சுல அடிக்கவா? அவிய கையால வெட்டுனா பிள்ளை நல்லாருக்கும்."

பொன் உருகிற்று. பொட்டுக்கான பொன் ஒரு சுண்டைக்காய் அளவுதான். உருகும்போது முதலில் முகம் சிவந்து, பிறகு தண்ணீராகி, கண் மாதிரி ஒரு தரம் விழித்துப் பார்க்கும். எல்லோரும் கும்பிட்டார்கள். ஆசாரி அதை ஊற்றி, ஆறவைத்து, தட்டித் தட்டித் தகடாக்கினார். கீறல் போட்டார். இந்த வட்டத்தைக் கிண்ணம்போலக் குழித்துவிட்டால் பொட்டு முடிந்தது, கல்யாணமும் பாதி முடிந்த மாதிரி.

கத்திரியை எடுத்தார். வாய் திறந்துகொண்டது.

தறிச்சத்தத்துக்கு மேலே எங்களுக்கெல்லாம் கத்திரியின் சத்தம் கேட்கவில்லை. தகடு திரும்புவது மட்டும் தெரிந்தது. கால்வாசி போயிற்று. அரைவாசி போயிற்று. ஆவுடையம்மாளால் சும்மா இருக்க முடியவில்லை. எதிரே இருப்பது புருஷன், வாய் திறந்திருக்கிறது, கத்திரி ஓடுகிறது. இத்தனை வருஷப் பழக்கம் அவளை விடுமா?

"நாஞ் சொல்லுதேன், கேக்குதியளா? பத்திரிகை அடிக்கக் குடுத்துரலாம்."

"ஆ."

"எங்கம்மைக்குக் குடுத்த வாக்கு நிறைவேறிட்டு."

"ஆ."

"கோமதிக்கும் பூரண சம்மதம்."

கோமதித்தாய் அந்தச் சமயம் தட்டில் காப்பித் தம்ளர்களோடு உள்வாசலில் நின்றாள். தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. ஆசாரி தலையைத் தூக்கினார். வட்டம் வெட்டும்போது அவர் தலையைத் தூக்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். மகளைப் பார்த்தார். கத்திரி அப்படியே பாதியில் நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று. அன்றைக்குப் போக வேண்டிய கரண்டு அதற்கு முன்னாலேயே போய் வந்துவிட்டது. இது தனியாகப் போனது. ஊரில் உள்ள தறி அத்தனையும் ஒரே மூச்சில் நின்றது. கோயில் யானை காதை விசிறுவது பட்டறைக்குக் கேட்டது.

அந்த அமைதியில், கட்டென்று ஒரு சத்தம். கத்திரியின் வாய் மூடிவிட்டது.

பிறகு ஆசாரியின் வாய் மூடியது. உதட்டை ஒரு தடவை நனைத்துக்கொண்டார்.

"வேண்டாம்" என்றார்.

அவர் கையிலிருந்து வட்டம் நழுவித் தரையில் விழுந்தது. நாலு ரத வீதியையும் சுற்றி வந்த வட்டத்தை வெட்டின அதே கை வெட்டினதுதான். மிச்சத் தகடு வாலாகத் தொங்க, ஓரத்தில் பல் விழுந்து, உருளத் தெரியாமல் ரெண்டு தத்துத் தத்தி உச்சிமாகாளியின் காலடியில் படுத்துவிட்டது.

"அட பாவி மட்டை! பொட்டுல கத்திரி மூடிட்டானே!" என்று பிச்சம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள்.

ஆவுடையம்மாள் புருஷனையே பார்த்தாள். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அந்த முகத்தில் அதிகம். "என்ன சொன்னிய?"

"வேண்டாம்னேன். பிள்ளைக்கு இஷ்டமில்ல. எனக்கும் இஷ்டமில்ல."

"இதை முன்னாலயே சொன்னா என்ன? இத்தனை நாளா நாயி மாதிரிக் கேட்டுக்கிட்டுக் கெடந்தேனே!"

"எப்படிச் சொல்ல?" என்றார் ஆசாரி. "வாய் தொறந்துல்லா இருந்துச்சு."

நான் சிரித்துவிட்டேன். பிச்சம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் சைக்கிள் டியூப்பெல்லாம் காற்றுப் போயிருக்கும்.

ஆவுடையம்மாள் தம்பி பக்கம் திரும்பினாள். "உச்சி, அம்மைக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தேனேப்பா."

உச்சிமாகாளி குனிந்து அந்தத் தகட்டை எடுத்தார். பல் விழுந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "அக்கா, அம்மை என்னைப் பாத்துக்கோன்னுதான் சொன்னா. கட்டிக்குடுன்னு சொல்லல. எனக்கும் இது ஒப்பலதான். இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்ச பிள்ளை."

"நீயாவது சொல்லித் தொலையக் கூடாதா?"

"உன் முன்னால எனக்கு எந்தக் காலத்துல வாய் இருந்துச்சு?" பிறகு ஆசாரியைப் பார்த்தார். "அத்தான், இம்புட்டு நாளும் இந்த வாயை எங்கன வச்சிருந்திய?"

கோமதித்தாய் தட்டோடு வந்து மாமன் முன்னால் நின்றாள். கண்ணிலிருந்து கொட்டுகிறது, துடைக்கக் கையில்லை.

"மாமா, காப்பி ஆறிட்டு" என்றாள்.

"ஆறட்டும் மக்கா, குடு" என்று அவர் வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். அதற்குப் பிறகுதான் கரண்டு வந்தது.

அடுத்த தையில் அம்பாசமுத்திரத்துப் பையன் ஒருவனுக்குக் கோமதித்தாயைக் கொடுத்தார்கள். உச்சிமாகாளி தாய்மாமன் சீரோடு வந்து, மணவறைக்குப் பெண்ணைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். சுபைதா பேகம் ரசீதாவையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பல் விழுந்த தகட்டை உச்சிமாகாளி உருக்கவில்லை. கோவில்பட்டிக் கடைச் சாவிக்கொத்தில் கோத்துப் போட்டிருந்தார். இது என்ன அண்ணாச்சி என்று யாராவது கேட்டால், "இதுவா? எங்க அத்தான் பேசின பேச்சு" என்பார்.

பொன்னுருக்கு நடந்த அந்த வாரம் முழுக்க ஆவுடையம்மாள் யாரிடமும் பேசவில்லை. ஆசாரி வட்டம் வெட்ட உட்கார்ந்தால் முறத்தை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போய்விடுவாள். பிறகு ஒரு மத்தியானம். நான் மூலையில் பேப்பரோடு இருந்தேன். ஆசாரி ஒரு வட்டத்தை முடித்து, வாயை மூடி, அதை ஊதித் துடைத்து வைத்தார். ஆவுடையம்மாள் வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மடியில் முறம் இல்லை.

"ம். சொல்லுங்க."

"என்னத்தை?"

"என்னமும் சொல்லுங்க. நான் பேசல. மறுபக்கம் போட்டுருக்கேன்."

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். வெளியே தறி ஓடிக்கொண்டிருந்தது. மனுஷர் வெகுநேரம் யோசித்தார். இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எதை முதலில் சொல்வதென்று பொறுக்குகிறார் என்று தெரிந்தது.

"குழம்புல" என்றார்.

"குழம்புல?"

"உப்பு கொஞ்சம் கம்மி."

ஆவுடையம்மாள் கண்ணைச் சுருக்கினாள். "இன்னைக்கா?"

ஆசாரி பக்கத்தில் துழாவிக் கத்திரியை எடுத்துக்கொண்டார். கையில் தகடுகூட இல்லை. வாய் மட்டும் திறந்துகொண்டது.